வெயில் ஏறமுதல் இறங்கிவிடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பாடசாலை விடுமுறை நெருங்குகிறது. பிள்ளைகளோடு மலையேறவும் காட்டுப்பாதையில் நடக்கவும் விரும்பும் திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

எனக்கு ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். கடற்கரையைத் தவிர எங்கும் நடந்து பழக்கமில்லை. முதலில் எங்கே கூட்டிப்போகலாம்? எவ்வளவு தூரம் நடப்பார்கள்?
— ஒரு தாய், உப்புவெளி

நம் பக்கத்தில் முதலில் பார்க்கவேண்டியது நேரம். தூரம் அதற்குப் பிறகுதான். சூரியன் ஆறு மணியளவில் உதிக்கிறது. ஒன்பது மணி தாண்டினால் திறந்த பாறையில் சிறுபிள்ளையை வைத்திருக்கக்கூடாது. ஆக உங்கள் கையில் இருப்பது மூன்று மணித்தியாலம். போய், இருந்து, சாப்பிட்டு, இறங்கி வர அந்த மூன்று மணித்தியாலம் போதுமான இடமாகப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள்.

கணக்கு இப்படி. ஐந்து வயதுப் பிள்ளை சமதரையில், இடையிடையே நின்று பூச்சியையும் கல்லையும் பார்க்கும் நேரத்தையும் சேர்த்து, மணிக்கு இரண்டு கிலோமீற்றர் நடக்கும். ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் பெரியவர்களுக்குப் பத்து நிமிடம் கூட்டுவது வழக்கம். சிறுபிள்ளைக்கு இருபது நிமிடம் கூட்டுங்கள். குடும்பத்தின் வேகம் கடைக்குட்டியின் வேகம்தான். ஒன்பது வயதுக்காரருக்கு இது மெதுவாகத் தெரியும், அவருக்கு வேலை கொடுத்துச் சமாளிக்கலாம்.

முதல் நடைக்குக் கோணேசர் கோவில் ஏற்றத்தைவிட நல்ல இடம் வேறில்லை. பிரட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோவில் வரை ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். வீதி நல்லது, இடையில் மரநிழல் உண்டு, களைத்துப்போனால் ஓட்டோ பிடித்து இறங்கலாம். கோட்டை வாசல் கல்லில் செதுக்கியிருக்கும் இரட்டை மீன்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடுத்து மான்கள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். ஏற்றம் முடிந்ததே தெரியாமல் மேலே போய்விடுவார்கள். ஏற ஐம்பது நிமிடம், மேலே அரை மணித்தியாலம், இறங்க நாற்பது நிமிடம் என்று வையுங்கள். காலை 6.15க்குத் தொடங்கினால் 8.15க்குக் கீழே நிற்பீர்கள்.

இங்கே கண்டிப்பாகக் கவனிக்கவேண்டியது இராவணன் வெட்டுப் பக்கம். கடலுக்கு நேர்செங்குத்தாக விழும் பாறை அது. வேலி இருக்கும் இடத்திலும் சின்னவரின் மணிக்கட்டைப் பிடித்திருங்கள். விரலை மட்டும் பிடித்தால் வியர்வையில் நழுவும்.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவுசெய்து பெரிய பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். அந்த நேரம் வந்ததும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்புங்கள். “இன்னும் கொஞ்சம்தானே” என்று போகும் குடும்பங்கள்தான் பத்தரை மணி வெயிலில் அழுகிற பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு இறங்குகின்றன. பிள்ளைகள் விழுவதும் பெரும்பாலும் இறக்கத்தில்தான். கால் சோர்ந்திருக்கும், கவனம் வீட்டில் இருக்கும். இறங்கும்போது ஒரு பெரியவர் பிள்ளைக்கு முன்னால் ஓரடி கீழே நடக்கட்டும்; சரளைக்கல் உள்ள இடத்தில் பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டாக வைத்து, சின்ன அடியாக எடுக்கப் பழக்குங்கள்.

தண்ணீர் எவ்வளவு கொண்டுபோவது? சாப்பாட்டுக்கு என்ன கட்டலாம்?
— இரு பிள்ளைகளின் தகப்பன், கிண்ணியா

பிள்ளைகள் தாகம் என்று சொல்லும்போது ஏற்கெனவே நீர் குறைந்திருக்கும். கேட்டுக் கொடுக்காதீர்கள்; இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்று எல்லோரும் குடியுங்கள். ஐந்து வயதுக்கு ஒவ்வொரு தடவையும் 120 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேநீர்க் கோப்பையில் முக்கால். ஒன்பது, பத்து வயதுக்கு 180. மூன்று மணித்தியாலத்தில் ஒன்பது தடவை வரும். சின்னவருக்கு ஒரு லீற்றருக்குச் சற்று மேல், மூத்தவருக்கு 1.6 லீற்றர், பெரியவர் இருவருக்கும் தலா இரண்டு. காயம் கழுவவும் தலை நனைக்கவும் ஒரு லீற்றர் மேலதிகம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு எட்டு லீற்றருக்குக் கிட்ட வருகிறது. எட்டுக் கிலோ பாரம்.

பிள்ளையின் முதுகில் அதன் எடையில் பத்திலொரு பங்குக்கு மேல் ஏற்றவேண்டாம். 27 கிலோப் பிள்ளைக்குத் தன் தண்ணீரும் தொப்பியும் சரி. 18 கிலோச் சின்னவருக்கு ஒரு சிறு போத்தல் போதும். அதையும் கடைசியில் நீங்கள்தான் சுமப்பீர்கள், இடம் விட்டு வையுங்கள். ஒரு போத்தலில் பாதியளவு நீர் நிரப்பி முதல்நாள் இரவே சரிவாகப் படுக்கவைத்து உறையவிடுங்கள். காலையில் மேலே நீர் ஊற்றினால் எட்டு மணி வரை குளிராக இருக்கும். குளிர்ந்த நீரைப் பிள்ளைகள் மறுக்காமல் குடிப்பார்கள்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வியர்த்தால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் போகிறது. ஜீவனி (உடலின் நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத்தூள்) ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் நீரில் முழுவதுமாகக் கரையுங்கள். பாதிப் பைக்கற்றைக் கையளவால் போட்டுக் கலக்கக்கூடாது, உப்பின் அளவு பிழைத்துவிடும். கிடைக்காவிட்டால் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. சோடா வேண்டாம். அதன் சீனி வயிற்றில் நீர் ஏறுவதைத் தாமதப்படுத்தும், வாயுவால் பிள்ளை வேண்டிய அளவு குடிக்காது.

சாப்பாட்டில் தேங்காய்தான் முதலில் பழுதாகும். விடியற்காலை அரைத்த சம்பலும் பால் சொதியும் பைக்குள் சூடேறினால் சில மணித்தியாலத்தில் புளித்துவிடும். இடியப்பமும் பிட்டும் வீடு திரும்பியதும் சாப்பிடலாம். நடைக்குக் கட்டவேண்டியவை அவித்த வத்தாளங்கிழங்கு, உப்புத் தூவிய அவித்த முட்டை, கதலி வாழைப்பழம், பேரீச்சம்பழம், எள்ளுருண்டை. ஒரு வேளையாகக் கொடுக்காமல் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கச்சான் நல்லதுதான், ஆனால் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு முழுக் கச்சான் கொடுக்கவேண்டாம். ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தின்னும்போது மூச்சுக்குழலுக்குள் போய் அடைக்கும் பருமன் அது.

சரசரக்கும் பொலித்தீன் பையைக் கண்டால் குரங்குகள் பாய்ந்து வரும். மூடியிறுக்கும் பெட்டியில் வைத்தால் அந்தத் தொல்லை குறைவு. போட்டுவிட்டு வந்த பையை மான் தின்று, அது வயிற்றில் சிக்கிச் சாகிறது. தயவுசெய்து ஒன்றைக்கூட விட்டுவராதீர்கள்.

போன ஆடியில் ஒரு மலைக்குப் போய்வந்த அன்று மகளுக்குத் தலையிடியும் வாந்தியும். வியர்க்கவே இல்லையே, பிறகு எப்படி வெயில் பிடித்தது?
— ஒரு தாய், தம்பலகாமம்

வியர்த்திருக்கிறது, நீங்கள் காணவில்லை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வறண்டது, சூடானது. வியர்வை தோலில் தங்குமுன் உலர்த்திக்கொண்டு போய்விடும். சட்டை நனையாததால் எல்லோரும் குறைவாகக் குடிக்கிறார்கள். அந்த மாதங்களில் மகளின் சிறுநீரைப் பாருங்கள். நிறம் இளநீர் போல இருந்தால் நல்லது. கடும் மஞ்சளாக இருந்தாலோ, மூன்று நான்கு மணித்தியாலமாகப் போகாமல் இருந்தாலோ நடையை நிறுத்தவேண்டும்.

தலையிடி, குமட்டல், வெளிறிய முகம், வழக்கத்துக்கு மாறான மௌனம், கெண்டைக்கால் இழுப்பு: இவை வெப்பச் சோர்வின் அடையாளம். கலகலவென்று பேசும் பிள்ளை பேச்சை நிறுத்தினால் அதையே முதல் எச்சரிக்கையாக எடுங்கள். நிழலில் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். சப்பாத்தையும் இறுக்கமான உடுப்பையும் கழற்றி, கழுத்தையும் அக்குளையும் தொடையிடுக்கையும் நனைத்து விசிறுங்கள். ஜீவனியை ஐந்து நிமிடத்துக்கு இரண்டு மூன்று மிடறாகக் கொடுங்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் வாந்தியாக வந்துவிடும். அரை மணித்தியாலத்தில் தேறவேண்டும். தேறினாலும் அன்றைக்கு ஏற்றம் முடிந்தது, இறக்கம் மட்டுந்தான்.

உளறல், தள்ளாட்டம், வலிப்பு, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராமை — இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வெப்பத்தாக்கு, உயிராபத்து. வாயால் எதுவும் கொடுக்கவேண்டாம். கையிலுள்ள தண்ணீர் முழுவதையும் உடம்பில் ஊற்றி விசிறிக்கொண்டே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது, இது கிருமியால் வந்த காய்ச்சலன்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நடை முடிந்ததும் நேரே கன்னியாவுக்குப் போய் வெந்நீர் வார்ப்பது பல குடும்பங்களின் வழக்கம். சூடேறியிருக்கும் பிள்ளைக்கு மேலும் சூட்டை ஏற்றும் வேலை அது. ஏழு கிணறுகளிலும் சூடு வேறு வேறு என்பது பிள்ளைகளுக்குப் பெரிய அதிசயம்தான், மறுக்கவில்லை. அதற்கு மழைக்கால முடிவில் ஒரு குளிர்ந்த காலையை ஒதுக்குங்கள்.

எந்த மாதம் நல்லது?
— நகர வாசகர்

மாசியும் பங்குனியும். மழை ஓய்ந்திருக்கும், காடு பச்சையாக இருக்கும், வெயில் இன்னும் முற்றியிராது. சித்திரையில் பின்னேர இடிமின்னல் வரும், ஆகையால் பாறை உச்சியில் பின்னேரம் நிற்கவேண்டாம். வைகாசி முதல் புரட்டாதி வரை விடியற்காலை நடை மட்டும். ஐப்பசியிலிருந்து தை வரை மழை. பாறை வழுக்கும், ஓடைகள் திடீரென்று பெருகும்.

பத்து மாதக் குழந்தையைச் சுமந்துகொண்டு ஏறலாமா?
— ஒரு பேத்தியின் அம்மம்மா, மூதூர்

தானாக நிமிர்ந்து உட்காரும் குழந்தை, கழுத்தும் நிற்கிறது என்றால் ஏறலாம், ஒரு மணித்தியாலம் வரை. நெஞ்சோடு அணைத்துக் கட்டும் பையில் உங்கள் உடம்புச் சூடும் குழந்தைக்கு ஏறும், அதனால் நம் காலநிலைக்கு முதுகில் மாட்டும் சட்டகப் பைதான் நல்லது. முதுகிலிருக்கும் குழந்தையின் முகம் உங்களுக்குத் தெரியாது. பின்னால் ஒருவர் நடந்து, அது தூங்கித் தலை சாய்ந்திருக்கிறதா, முகம் சிவந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வரவேண்டும். கால் தொங்கி மரத்துப்போகும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கி விடுங்கள். தாழ்ந்த கிளையின் கீழ் குனியும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்துக் குனியுங்கள், இல்லாவிட்டால் கிளை குழந்தையின் முகத்தில் அடிக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுக்கவேண்டும், தாய்க்கு அதற்கேற்ப ஒரு லீற்றர் மேலதிக நீர் வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையை வீட்டில் விட்டுப் போங்கள், அம்மம்மா.

பாடசாலைச் சப்பாத்தோடு போகலாமா? இறப்பர்ச் செருப்புக் கூடாதா?
— ஒரு தகப்பன், நிலாவெளி

இறப்பர்ச் செருப்பு இறக்கத்தில் முன்னால் நழுவும், சூரைமுள் அதன் அடியைத் துளைத்துக் காலில் ஏறும். பாடசாலையின் கறுப்புத் தோல் சப்பாத்துப் பாறையில் வழுக்கும். விளையாட்டுச் சப்பாத்துப் போதும், விலையுயர்ந்த மலையேற்றச் சப்பாத்து நம் மலைகளுக்குத் தேவையில்லை. காலின் மிக நீண்ட விரலுக்கும் சப்பாத்து நுனிக்கும் இடையில் உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். குறைந்தால் இறங்கும்போது நகம் கறுக்கும். புதியது வாங்கினால் ஒரு கிழமை வீட்டிலும் கடைத்தெருவிலும் போட்டு நடக்கவிடுங்கள். முதல்நாள் நகம் வெட்டிவிடுங்கள்.

குதிக்காலில் எரிகிறது என்று பிள்ளை சொன்ன அந்த நிமிடமே நின்று சொக்ஸைக் கழற்றிப் பாருங்கள். சிவந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டினால் கொப்புளம் வராது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் வந்திருக்கும். மாற்று சொக்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். கோவிலிலும் விகாரையிலும் பாதணி கழற்றவேண்டும், வெயில் ஏறிய கல் பிஞ்சுப் பாதத்தைச் சுட்டுவிடும். அங்கே அந்தப் பழைய சொக்ஸ் உதவும்.

திரியாய் மலைக்குப் பிள்ளைகளோடு போக நினைக்கிறோம். யானை, பாம்பு, குளவி பற்றித்தான் பயம்.
— ஒரு குடும்பம், குச்சவெளி

நல்ல தெரிவு. நகரிலிருந்து வருவோருக்குப் புல்மோட்டை வீதியில் ஏறத்தாழ 45 கிலோமீற்றர், உங்களுக்குப் பக்கம். கற்படிகளும் மரநிழலும் உண்டு, உச்சியில் பழைய வட்டதாகை (தூபியைச் சுற்றிய வட்டக் கட்டடம்) இருக்கிறது, ஏற்றமும் சிறியது. ஆறு வயதுப் பிள்ளை தானே ஏறும்.

யானைக்கு நேரந்தான் காவல். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பின் காட்டுப்பாதையில் இறங்குங்கள், பின்னேரம் நான்கரைக்குப் பிறகு அங்கே இருக்கவேண்டாம். ஈரம் காயாத இலத்தி, புதிதாக முறித்த கிளை, சேற்றில் நீர் ஊறாத புதுத் தடம் கண்டால் அதற்கு மேல் போகாதீர்கள். யானையைக் கண்டால் படம் எடுக்க நிற்காமல், சத்தமில்லாமல், வந்த வழியே திரும்புங்கள். பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகள் மரத்தின் கீழ் ஓடுவார்கள். அதே பழத்துக்குக் கரடியும் வரும் காடுகள் நம்முடையவை, பெரியவர் முதலில் போய்ப் பார்க்கட்டும்.

பாம்புக்கடி பெரும்பாலும் காலிலும் கையிலும்தான். கணுக்காலை மூடும் காற்சட்டை, சப்பாத்து, கையில் ஒரு தடி. விழுந்த மரத்தைத் தாண்டும்போது அதன்மேல் ஏறி நின்று மறுபக்கம் பார்த்தபின் காலை வைக்கப் பழக்குங்கள். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் படுத்திருக்கும் இடம் அதுதான். கல்லிடுக்கில் கை வைக்கக்கூடாது. கடித்துவிட்டால் வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கொலுசையும் மோதிரத்தையும் கழற்றுங்கள், வீங்கினால் கழற்ற முடியாது. கடிபட்ட காலைத் தடியோடு சேர்த்து அசையாமல் கட்டி, பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விஷமுறிவு ஊசி அங்கேதான் உண்டு. பார்வை பார்க்கவென்று வேறு வாசலில் நின்றால் போவது பிள்ளையின் நேரம்.

பலரும் குளவி என்று சொல்லும் மலைத்தேனீ பாறை விளிம்பிலும் உயர்ந்த மரத்திலும் கூடு கட்டும். புகை, வாசனைத் தைலம், எறிந்த கல், உரத்த கூச்சல் அவற்றைக் கிளப்பும். கிளம்பினால் கையை வீசவேண்டாம். பிள்ளையின் முகத்தைத் துவாயால் மூடி, தூக்கிக்கொண்டு விரைந்து விலகுங்கள். தைத்த கொடுக்கை நகத்தால் உடனே வழித்து எடுங்கள். முகம் வீங்குதல், மூச்சிரைப்பு, உடம்பெல்லாம் தடிப்பு வந்தாலோ, பல இடத்தில் கொட்டினாலோ காத்திருக்காமல் 1990.

யாரும் கேட்காத ஒன்று உண்ணி. வறண்ட மாதங்களில் புல்லிலிருந்து ஏறும். வீடு வந்ததும் அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள். நுண்கவ்வியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். நெருப்பு, எண்ணெய் வேண்டாம். இரண்டொரு நாள் கழித்துப் பிள்ளை காது குத்துகிறது என்றால் உள்ளே உண்ணி இருக்கலாம். கிண்டாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பாதையை விட்டு விலகக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மண்டையோட்டுப் பலகையோ மிதிவெடி எச்சரிக்கை நாடாவோ கண்டால், அது எவ்வளவு பழையதாக இருந்தாலும், அதற்கு அப்பால் ஓரடியும் வைக்கவேண்டாம். துருப்பிடித்த உலோகம் எதையும் தொடவோ உதைக்கவோ கூடாது என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

அரைவாசியில் “காலெல்லாம் நோகுது” என்று மகன் இருந்துவிடுகிறான். என்ன செய்வது? காட்டில் தவறிப்போனால்?
— ஒரு தாய், நகரம்

முதலில் நிஜமாகவே நோகிறதா, பசியா, அலுப்பா என்று பாருங்கள். பேரீச்சம்பழம் இரண்டும் தண்ணீரும் கொடுத்து ஐந்து நிமிடம் இருங்கள். எழுந்து ஓடினால் பசி. பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரவைத்தால் கால் இறுகி, பிறகு எழும்பவே மாட்டான். மகனை வரிசையின் முன்னால் விடுங்கள். பின்னால் இழுபடும் பிள்ளைதான் கெதியில் களைக்கும். அடுத்த வளைவு, அடுத்த பெரிய முதிரை மரம் என்று கண்ணுக்குத் தெரியும் இலக்கைக் கொடுங்கள். ஒரு காலை மட்டும் தூக்கி வைத்தாலோ, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினாலோ அது உண்மையான நோ. திரும்புங்கள்.

தவறுவது பெரும்பாலும் சிறுநீர் கழிக்க ஒதுங்கும்போதுதான், தனியே விடாதீர்கள். கடும் செம்மஞ்சள் அல்லது சிவப்புச் சட்டை, கழுத்தில் ஊதுகுழல். வழி தெரியாவிட்டால் அந்த இடத்திலேயே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மூன்று முறை ஊதவேண்டும், ஓய்ந்து திரும்ப மூன்று முறை. வீட்டு முற்றத்தில் விளையாட்டாகப் பழக்குங்கள். புறப்படுமுன் பிள்ளையை அன்றைய உடுப்போடு கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். காணாமல் போய்ப் பதினைந்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் பொலிஸ் அவசர இலக்கம் 119.

எட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அடுத்த கட்டமாகச் சிகிரியாவா, பிதுரங்கலவா, ரிட்டிகலவா?
— ஒரு குடும்பம், கந்தளாய்

ரிட்டிகல. ஹபரணை – மரதன்கடவல வீதியிலிருந்து உள்ளே போகவேண்டும். மலை 766 மீற்றர் உயரம் என்றாலும் நீங்கள் நடப்பது அடிவாரத்திலுள்ள பழைய துறவிமடத்தின் கற்பாதையில்தான். அதற்கு மேல் காடு பாதுகாக்கப்பட்டது, அனுமதியின்றி ஏற முடியாது. பாதை முழுக்க நிழல் என்பதால் நம் மூன்று மணித்தியாலக் கணக்கு இங்கே சற்று இளகும். மழைக்குப் பின் கல்லில் பாசி வழுக்கும், அட்டையும் ஏறும். காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

சிகிரியாவில் ஏறத்தாழ 1,200 படிகள். எட்டு வயதுக்கு முடியும், முதல் நுழைவு நேரத்திலேயே ஏறினால். சிங்கப்பாதத்துக்கு மேலுள்ள இரும்புப் படியில் உயரப் பயம் சட்டென்று பிடிக்கும். பயந்த பிள்ளையை அங்கே வற்புறுத்தாமல் ஒரு பெரியவர் சிங்கப்பாதத்தில் கூட இருக்கட்டும். பிதுரங்கலவில் புத்தர் படுத்திருக்கும் இடம் வரை படிகள். அதன்பின் கடைசிப் பகுதியில் பெரிய பாறைகளைக் கையால் பிடித்து இடுக்கில் ஏறவேண்டும். பன்னிரண்டு வயதுக்கு ஏற்றது, எட்டு வயதுக்கு இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள். சூரிய உதயம் பார்க்கவென்று இருட்டில் டோர்ச்சோடு ஏறுவது பிள்ளைகளோடு வேண்டாம். மூன்றில் எதற்குப் போனாலும் கந்தளாய் – ஹபரணை வீதியில் யானை நின்றால் வாகனத்தை நிறுத்தி வாழைப்பழம் கொடுக்காதீர்கள், பிள்ளைகளைக் கண்ணாடியை இறக்கவும் விடாதீர்கள்.